பூனைக்குச் சமைக்கத் தராசு வேண்டும்

கால் கிலோ எலும்பில்லாத கோழிக்கறி, ஒரு கைப்பிடி அரிசி, பேருக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். உப்பு, காரம் கிடையாது. குக்கரில் நான்கு விசில் விட்டு, ஆறவைத்துப் பிசைந்து வைத்தால் பூனை தட்டை நக்கிவிட்டுப் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்க்கும் பல குடும்பங்களில் ‘வீட்டுச் சாப்பாடு’ என்றால் இதுதான். பாக்கெட் தீனியில் எதையெதைப் போட்டு அரைக்கிறார்களோ என்ற சந்தேகமும், தன் கையால் ஆக்கிப் போட்ட திருப்தியும் சேர்ந்து இந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. திருப்தியில்தான் சிக்கல். இதையே இரண்டு வேளையும் மாதக்கணக்கில் தின்னும் பூனைக்குக் கால்சியம் கிடைப்பதே இல்லை எனலாம். வைட்டமின் ஏ, டி, ஈ, அயோடின் எதுவும் போதாது. டாரின் என்ற சத்து போதுமா என்பது, கறி கோழியின் எந்தப் பாகத்திலிருந்து வந்தது, வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டினார்களா என்பதைப் பொறுத்தது. பூனைக்கு வீட்டில் சமைப்பது தவறில்லை, கண்ணளவில் சமைப்பதுதான் தவறு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். மனிதர்களுக்கு ஆக்கும்போது கைப்பக்குவம் பெரிய வித்தைதான். பூனையின் தட்டுக்கு கிராம் கணக்கு வேண்டும்.

இதைச் சொன்னதும் வரும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்தில் பூனைக்கு யார் கணக்குப் பார்த்தார்கள், பாட்டி வீட்டுப் பூனை பால்சோறும் மீன் தலையும் தின்றே பத்து வருஷம் இருந்ததே என்பார்கள். இருந்தது, உண்மை. ஆனால் அது நம் சோற்றை நம்பி இருக்கவில்லை. நெற்குதிரும் வைக்கோல் போரும் ஓட்டுக்கூரையும் இருந்த வீட்டில் அதற்கு இன்னொரு சமையலறை இருந்தது. எலி, பல்லி, ஓணான், அணில், வெட்டுக்கிளி என்று அகப்பட்டதையெல்லாம் பிடித்துத் தின்றது. பூனைக்கு ஒரு சுண்டெலி என்பது முழுச் சாப்பாடு. தசையோடு எலும்பும் ஈரலும் இதயமும் ரத்தமும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்தில் டாரின். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி இருக்கும், எட்டு பிடித்தால் அன்றையப் பாடு முடிந்தது. நாம் வைத்த பால்சோறு அதற்கு மேல் கிடைத்த பலகாரம். இன்று பால்கனிக்கு வலை அடித்து, கதவைச் சாத்தி, ஐந்தாவது மாடியில் பூனையை வைத்திருக்கிறோம். வண்டியில் அடிபடாமலும் நாயிடம் சிக்காமலும் குருவிகளைக் கொல்லாமலும் இருக்க அது சரியான ஏற்பாடு. ஆனால் கதவைச் சாத்திய அன்றே அந்த இரண்டாவது சமையலறையையும் பூட்டிவிட்டோம். தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் நல்லவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்தப் பூனைகள் மிச்சத்தைத் தாமே தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு நம் தட்டை விட்டால் வேறு கதியில்லை. இன்னொன்றும் உண்டு. பத்து வருஷம் இருந்த பூனையைத்தான் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. ஈற்றுக்கு ஈற்று செத்துப்போன குட்டிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

நாய்க்கும் பூனைக்கும் ஒரே கடையில் தீனி வாங்குவதால் இரண்டின் வயிறும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நாய் நம்மோடு சேர்ந்து சோற்றுக்கும் ரொட்டிக்கும் பழகிவிட்ட பிராணி. பூனை அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும், பூனைக்கு அந்த வசதி கிடையாது. வெயில் பட்டால் நம் தோலில் வைட்டமின் டி உண்டாகும். ஜன்னலோரம் நாளெல்லாம் வெயில் காயும் பூனையின் தோலில் அது தேவைக்கு உண்டாவதில்லை, தின்னும் இரையிலிருந்துதான் வர வேண்டும். தாவர எண்ணெயிலிருந்து அராகிடோனிக் அமிலத்தைப் போதுமான அளவு செய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. அதன் உடல் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்ததற்கே, சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனைகள் தள்ளாடி விழுந்ததை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மோரிஸும் குவின்டன் ராஜர்ஸும் 1978இல் காட்டினார்கள். கறியில் ஆர்ஜினின் தாராளமாக இருப்பதால் சமைத்துப் போடுபவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது டாரினுக்கு. பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசின் என்ற புரதத்தைக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைந்து பார்வை கெடுவதற்கு டாரின் குறைவே காரணம் என்று 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1987இல், அதே இதழில் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர் பால் பியானும் சகாக்களும் இன்னொன்றைச் சொன்னார்கள். இதயச் சுவர் தளர்ந்து, ரத்தத்தை உந்தித் தள்ள முடியாமல் போகும் நோய் பூனைகளுக்கு அப்போது பரவலாக இருந்தது. அந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகவும் குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். டாரினைக் கொடுத்ததும் பிழைத்துக்கொண்ட பூனைகளின் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பியது. கண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது, சிதைந்த விழித்திரை மீண்டும் வளராது. இதயம், தொடைக்கறி போன்ற ஓயாது உழைக்கும் தசைகளில் டாரின் அதிகம், வெளிறிய நெஞ்சுக்கறியில் குறைவு. நம் வீடுகளில் பூனைக்கென்று தேர்ந்து வாங்குவதோ ‘கொழுப்பில்லாத நல்ல பீஸ்’ என்று நெஞ்சுக்கறியைத்தான். டாரின் தண்ணீரில் கரையக்கூடியது வேறு. கறியை வேகவைத்து, மஞ்சள் நுரையோடு நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, கறியை மட்டும் பிய்த்துப் போடும் சுத்தக்காரர்கள், இருக்கிற கொஞ்சத்திலும் ஒரு பங்கைத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள்.

கால்சியம் கணக்கு இன்னும் தெளிவானது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி தேவைப்படும். நெஞ்சுக்கறி மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 200 கிராம். அதில் பாஸ்பரஸ் 400 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், கால்சியம் 20 மில்லிகிராமைத் தொட்டாலே அதிகம். இரண்டும் சரிசமமாகவோ கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு இருபது என்ற விகிதம். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கும். வளரும் குட்டியானால் சில வாரங்களிலேயே எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்தால்கூடக் கால் முறியும். இதற்கு மாற்று நம் வீட்டுக் குப்பைக்கூடையிலேயே இருக்கிறது. முட்டையோட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி மிக்சியில் மாவாக அரைத்தால் அந்தத் தூளில் 38 விழுக்காடு கால்சியம். மேலே சொன்ன 200 கிராம் கறிக்கு ஒரு கிராமும் கொஞ்சமும் போதும். ஒரு டீஸ்பூன் தூளோ 5 கிராமைத் தாண்டும். ‘கால்சியம்தானே, நல்லதுதானே’ என்று தினம் ஒரு டீஸ்பூன் தூவினால் தேவையைப் போல நான்கைந்து மடங்கு உள்ளே போய், துத்தநாகம் முதலான மற்றச் சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு கிராம் எவ்வளவு என்று எந்தத் தேர்ந்த கையாலும் அள்ளிக் காட்ட முடியாது. பத்து நாளுக்குரிய 2 கிலோ கறியை ஒரே தடவையில் சமைத்து, 11 கிராம் தூளை எடைபோட்டுக் கலந்து, நாளுக்கொரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்தால் சாதாரணச் சமையலறைத் தராசே போதும்.

ஈரல் விஷயத்தில் தப்பு எதிர்த் திசையில் நடக்கிறது. விலை குறைவு, பூனைக்கும் கொள்ளைப் பிரியம், அதனால் தினமும் அதையே போடுகிறவர்கள் உண்டு. ஈரலே உணவாக வளர்ந்த பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தலையைத் திருப்பித் தன் முதுகை நக்கக்கூட முடியாத நிலை வந்ததை 1960களிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மொத்தக் கறியில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரல் இருந்தால் போதும். மீனுக்கும் எல்லை உண்டு. சிலவகைப் பச்சை மீனிலுள்ள ஒரு நொதி தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால்தான் அந்த நொதி சாகும். வேகவைத்தாலும் மீன் மட்டுமே நாளும் பொழுதும் என்றானால் வைட்டமின் ஈ பற்றாமல் உடம்புக் கொழுப்பு அழற்சி காணும். குழம்பு மீனைக் கழுவிப் போடுவதில் வேறொரு ஆபத்து. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே நஞ்சாகலாம். 4 கிலோப் பூனைக்கு நான்கைந்து சின்ன வெங்காயம் என்று கொள்ளலாம், அதன் சாறு ஊறிய குழம்புக்கும் இது பொருந்தும்.

‘என் பூனை மூன்று வருஷமாக இதைத்தான் தின்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது இன்னொரு மறுப்பு. பளபளவென்ற ரோமமும் ஓட்டமும் சாட்டமும் ஆரோக்கியத்தின் அறிகுறிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் டாரின் குறைவு பல மாதங்கள் சத்தம் போடாமல் வேலைசெய்யும். பூனை நோயை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணி. பார்வை மங்கிய பூனை பழகிய வீட்டில் சோபாவுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தடுமாறாமல் போய் வரும். வீடு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். சரி, புத்தகத்திலோ இணையத்திலோ நல்ல செய்முறையைப் பார்த்துச் செய்தால் போதாதா என்று கேட்கலாம். இதையும் ஆய்ந்து பார்த்துவிட்டார்கள். டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் பூனைக்கான 114 வீட்டுச் செய்முறைகளைத் திரட்டி 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் முழுமையாகக் கணக்கிட முடிந்தவை 94. வளர்ந்த பூனைக்குரிய எல்லாச் சத்துகளையும் தேவையான அளவில் தந்தது அவற்றில் ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவற்றில் குறை ஓரளவு கம்மி, அவ்வளவே. பூண்டு, வெங்காயம் சேர்க்கச் சொன்ன செய்முறைகளும் அந்தக் குவியலில் இருந்தன. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களும், ஏன், படித்தவர்களும் கண்ணளவில் தோற்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி வலுவான மறுப்புக்கு வரலாம். பாக்கெட் தீனி மட்டும் யோக்கியமா? 1987இல் இதயம் தளர்ந்த பூனைகள் தின்றது பெயர்பெற்ற நிறுவனங்களின் தீனியைத்தான். 2007இல் வட அமெரிக்காவில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்து, சிறுநீரகம் பழுதாகிப் பூனைகளும் நாய்களும் செத்தன. 6 கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டிலோ 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், விலங்குத் தீவனத்தை ‘உணவு’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. ஆக, சந்தேகப்படுபவர்களைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. ஆனால் அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் எப்படி வெளியே வந்தன என்று பார்க்க வேண்டும். ஒரே தீனியை ஆயிரக்கணக்கான பூனைகள் தின்றன, ஒரே மாதிரி நோய்ப்பட்டன, மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. தப்பு தெரிந்ததும் தீனியில் டாரினைக் கூட்டினார்கள், சில ஆண்டுகளில் அந்த இதயநோயே அரிதாகிவிட்டது. வீட்டில் நடக்கும் தப்பு ஒரு பூனையோடு முடிந்துவிடும். ‘வயசாகிடுச்சு, போயிடுச்சு’ என்பதோடு கதை அடங்கும். கூட்டிப் பார்க்க ஆளில்லை, திருத்தவும் ஆளில்லை. நிறுவனங்கள் நல்லவர்கள் என்பதால் நான் பாக்கெட்டுக்காகப் பேசவில்லை. அவர்களுடைய தப்பு அம்பலமாக வழி இருக்கிறது என்பதால் பேசுகிறேன்.

வீட்டு உணவுக்கு ஒரு மெய்யான சாதகம் உண்டு, அது தண்ணீர். பாலைநிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த இந்தப் பிராணிக்குத் தாகம் எடுப்பது குறைவு, இரையின் ஈரத்திலிருந்தே தண்ணீரைத் தேடிக்கொள்ளும் உடல்வாகு. உலர் தீனியில் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டித்தான். வேகவைத்த கறியில் அது ஆறேழு மடங்கு. சிறுநீர் அடைத்துக்கொண்டு அவதிப்படும் ஆண் பூனைகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நம் ஊர் வெயிலில் இன்னும் பெரிய விஷயம். அதனால்தான் ‘வீட்டில் சமைக்கவே கூடாது’ என்ற கட்சியில் நான் சேரவில்லை.

சைவக் குடும்பங்களின் சங்கடம் தனி. கறி புழங்காத அடுப்படியில் பூனைக்குத் தயிர்சாதமும் பாலும்தான் கிடைக்கும். பாற்கடலை நக்கப் புகுந்த பூனை என்று கம்பரே தம்மைச் சொல்லிக்கொண்ட மொழி நம்முடையது, பூனையையும் பாலையும் நம் மனத்திலிருந்து பிரிப்பது சுலபமில்லை. ஆனாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிறு போகும். அதைவிட முக்கியம், 1975 ஆய்வில் பார்வை கெட்ட பூனைகள் தின்றது பாலின் புரதம். தயிரிலும் பன்னீரிலும் இருப்பது அதே கேசின்தான். தொழிற்சாலையில் செயற்கை டாரினும் வைட்டமின்களும் சேர்த்துச் செய்யும் சைவத் தீனிகள் வெளிநாட்டுச் சந்தைகளில் இருக்கின்றன, அவற்றைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பருப்பும் பன்னீரும் கொண்டு வீட்டில் அதைச் செய்துவிடலாம் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. வீட்டில் கறி சமைக்க மனமில்லாதவர்கள் டப்பாவைத் திறந்து வைப்பதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. அந்தத் தடையும் இருந்தால், வளர்க்க முயலோ கிளியோ இருக்கிறது. கிளியில் இந்தியக் கிளி கூடாது, சட்டம் விடாது.

எதிர்க்கோடியில் ‘காட்டில் யார் சமைத்துக் கொடுத்தார்கள்’ என்று பச்சைக்கறி போடுபவர்கள் இருக்கிறார்கள். 1930களில் கலிஃபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் நடத்திய சோதனையை மேற்கோள் காட்டுவார்கள். அதில் பச்சைக்கறி தின்ற பூனைகள் தழைத்தன, வெந்த கறி தின்றவை நலிந்தன. பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்றே தெரியாத காலத்துச் சோதனை அது. வேகவைப்பதில் இழந்ததைத் திருப்பிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அதில் பார்க்கவில்லை. இன்று இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. உறையவைத்த பச்சை வான்கோழித் தீனி தின்ற ஒரு பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்ததை 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநில அதிகாரிகள் உறுதிசெய்தார்கள். அடுத்த சில வாரங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. வேகவைப்போம், தண்ணீரைக் கொட்டாமல் சேர்ப்போம், டாரினைத் தனியே வாங்கிக் கலப்போம்.

தனியே வாங்க வேண்டியது என்னென்ன, எவ்வளவு என்பதில்தான் தனிமனிதர் திணறுகிறார். இந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கறவை மாடு வைத்திருப்பவரிடம் ‘வைக்கோலும் புல்லும் போதாது, தாது உப்புக் கலவையும் கொடுங்கள்’ என்று சொன்னால் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மாட்டுக்கான அந்தக் கலவையைத் தயாரித்து விற்கிறது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அதன் கீழ்தான் இயங்குகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 இந்திய உணவுப்பொருட்களின் சத்துக்கணக்கை 2017இல் அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. கணக்குக்கு வேண்டிய எண்களில் பெரும்பகுதி கையிலேயே இருக்கிறது. கோழித் தொடை, கோழி இதயம், ஈரல், முட்டை, மத்தி மீன் என்று நம் சந்தையில் கிடைப்பதை வைத்து இரண்டு மூன்று செய்முறைகளைத் தமிழில் எழுதி, டாரின், கால்சியம், வைட்டமின், அயோடின் எல்லாம் அடங்கிய பொடியை ஒரு கிலோ கறிக்கு ஒரு பொட்டலம் என்று அந்தப் பல்கலைக்கழகம் விற்கத் தொடங்கலாம். பல்லாயிரம் பேர் ஒரே செய்முறையைப் பின்பற்றினால், தப்பு இருந்தாலும் 1987இல் போல அது கண்ணில் படும். மனிதர்களுக்கே ஆயிரம் குறை இருக்கும்போது பூனைக்கா என்று கேட்பவர்கள், இது அரசுப் பணத்தைக் கேட்கும் திட்டமில்லை, காசு கொடுத்து வாங்கக் காத்திருப்பவர்களுக்கான சரக்கு என்பதைக் கவனிக்கலாம்.

அதுவரை? பூனைகளின் உணவுக் கணக்கு தெரிந்த கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிய செய்முறையும், எடைபோட்டுக் கலக்கும் பொறுமையும் உள்ளவர்கள் முழு உணவையும் வீட்டில் செய்யலாம். ஒரு வயதுக்குட்பட்ட குட்டி, சினையாக இருக்கும் அல்லது பால் கொடுக்கும் பூனை, சிறுநீரக நோயாளி இவற்றுக்கு அப்போதும் வேண்டாம். உணவை மாற்றும்போது பழையதோடு கலந்து ஒரு வாரம், பத்து நாள் என்று மெல்ல மாற்ற வேண்டும். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடுவது நாய்க்குச் சரிப்பட்டாலும் பூனைக்கு ஆபத்து, இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு உலை வைக்கும். மற்றவர்கள் ‘முழுமையான உணவு’ என்று அச்சிட்ட தீனியைப் பிரதானமாக வைத்துக்கொண்டு, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தங்கள் கையால் போடலாம். 4 கிலோப் பூனைக்கு அது வேகவைத்த கோழிக்கறியில் 15 கிராம், நாளொன்றுக்கு.